அவள் கதை சொல்கிற வரை பயம் வேண்டாம்

கேள்வி: நாங்கள் போச்சம்பள்ளி பக்கம், மாந்தோப்பு வைத்திருக்கிறோம். மகளுக்கு 18 வயது. யுபிஎஸ்சி தேர்வு எழுதி, ஜனவரியில் புனே பக்கம் கடக்வாஸ்லாவில், முப்படை அதிகாரிகள் ஆவதற்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தாள். சூதுவாது தெரியாத பிள்ளை. போன் செய்யும்போதெல்லாம் வாங்கிய தண்டனைகளைக் கதை கதையாகச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் போனை வைத்துவிட்டு அழுகிறேன். “பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு, கூட்டிட்டு வந்து கல்யாணத்தைப் பண்ணு” என்கிறார் நாத்தனார். கூட்டி வந்துவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, வேண்டாம். கூட்டி வராதீர்கள்.

நீங்கள் எழுதியிருந்த ‘தம்’ கதையை மூன்று முறை படித்துச் சிரித்தேன். அணிவகுப்பில் ‘நில்’ என்பதற்கு இந்தியில் ‘தம்’ என்பார்கள். உஸ்தாத், அதாவது பயிற்சி தருகிறவர், அப்படிக் கத்தியதும் எல்லோரும் நின்றுவிட, உங்கள் மகள் மட்டும் நடந்துகொண்டே, “அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது சார்” என்று தமிழில் பதில் சொல்லியிருக்கிறாள். அதற்காக சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடியும் இருக்கிறாள். அப்புறம் அந்தக் குதிரை. எருது விடும் விழாவில் மொட்டை மாடியில் நின்று விசில் அடித்த பெண், குதிரை மேல் உட்கார்ந்ததும், “கயிறு என் கையிலதான்மா இருக்கு, ஆனா அதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது” என்கிறாளே! பட்ட அவமானத்தை இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை உடைந்து போகவில்லை. தண்டனை அவளுக்குள் போய்க் கதையாகத் திரும்பி வருகிறது.

அவள் வெகுளியாக இருப்பதற்காக வெட்கப்படாதீர்கள். ராணுவ ஒழுங்கோடு நடக்கும் அமராவதி நகர் சைனிக் பள்ளி மாதிரி இடங்களில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்த ‘தம்’ எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே பழகியிருக்கும். உங்கள் மகள் மாந்தோப்பிலிருந்து நேராகப் போனவள். மூன்று வருடம், ஆறு பருவம் கொண்ட பயிற்சியில் முதல் பருவம்தான் இது. அங்கே ‘ரகடா’ என்று சொல்கிற தண்டனை ஓட்டமும் குட்டிக்கரணமும் எல்லோருக்கும் உண்டு.

ஆனால் இரண்டு விஷயத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கால் வலி. ஓடி ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது இந்த மாதிரிப் பயிற்சிகளில் சகஜம், பெண்களுக்கு இன்னும் அதிகம். பிள்ளைகள் இதை மறைப்பார்கள். சொன்னால் பயிற்சி தவறிப்போய், ஆறு மாதம் பின்தங்கி ஜூனியர்களோடு சேர வேண்டி வருமோ என்ற பயம். ஆறு மாதம் போனால் போகட்டும். மறைத்து ஓடினால் விரிசல் முறிவாகிவிடும். ஒரே இடத்தில் விடாமல் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கதை நிற்பது. “நல்லா இருக்கேன்மா” என்று மட்டும் சொல்லி இரண்டு மூன்று முறை போனை வைத்தால், அப்போது கவலைப்படுங்கள், துருவிக் கேளுங்கள். சீனியர் யாராவது அடித்தாலோ அசிங்கமாக நடந்தாலோ அது ரகடா இல்லை, குற்றம். அவளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரியான டிவிஷனல் ஆபீசரிடம் உடனே சொல்ல வேண்டும். நீங்களும் பேசலாம், தயங்க வேண்டாம்.

அவளே ஒருநாள் முடியவில்லை என்றால்? அப்போது அது அவள் முடிவு. சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த பத்திரத்தைப் பாருங்கள். நாத்தனார் சொன்னதற்காக மட்டும் அந்த முடிவை எடுத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு இருபத்தைந்திலும் முகூர்த்தம் கிடைக்கும், இந்த அகாடமியில் சேர பத்தொன்பதரை வயதோடு கதவு மூடிவிடும். அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்ததே 2022-ல்தான். முதல் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தது 2025 மே 30 அன்று. அவர்களுக்குப் பின்னால் உங்கள் மகள் நடக்கிறாள் என்பது எனக்கே பெருமையாக இருக்கிறது.

மே கடைசியில் பருவம் முடிந்து விடுமுறையில் வருவாள். உங்கள் தோப்பில் நீலம் பழுக்கிற நேரம். கறுத்து மெலிந்து நிற்பாள், பார்த்ததும் அழுதுவிடாதீர்கள். களி கிண்டிப் போட்டு, முதல் இரண்டு நாள் தூங்க விடுங்கள். மூன்றாம் நாள் நாத்தனாரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அந்த ‘தம்’ கதையை அவளே நடித்துக் காட்டட்டும்.