சிக்கனக்காரரா, கஞ்சரா? 'இங்கிலீஷ் ஆச்சி' பதில்கள்

ஒழுங்கு, கட்டுப்பாடு பற்றிய ஆங்கிலச் சொற்களில் வந்த ஐயங்களுக்கு, காரைக்குடியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆச்சி பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆச்சி, ஐயாவின் சதாபிஷேக மலரில் அவரை 'எகனாமிகல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா? (தேவகோட்டை)

பதில்: அது பெரும்பாலும் காருக்கும் அடுப்புக்கும் சொல்வது. ஆளுக்கு 'ஃப்ரூகல்' அல்லது 'த்ரிஃப்டி'. முன்னது எளிமையாக வாழ்பவர். பின்னது பார்த்துச் செலவழித்து மிச்சம் பிடிப்பவர். தழைப்பதைக் குறிக்கும் 'த்ரைவ்' இதற்கு உறவு. கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பத்துக்கு இதுவே பொருத்தம். மறந்தும் 'ஸ்டின்ஜி' என்று போட்டுவிடாதீர்கள். கஞ்சர் என்று மலரிலேயே அச்சடித்ததாகிவிடும்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் தான் 'ஸ்ட்ரிக்ட்' என்று சொல்லப்போகிறானாம் என் மகன். (கண்டனூர்)

பதில்: வேண்டாம். அது பிறரிடம் கண்டிப்புக் காட்டுபவரைச் சொல்வது. வேலை கேட்டுப் போகிறவனுக்கு எதற்கு? தன்னைக் கட்டுக்குள் வைத்திருப்பவன் 'செல்ஃப் டிசிப்ளின்ட்'. மாணவனைக் குறிக்கும் 'டிசிபுலுஸ்' என்ற லத்தீன் சொல்வழி வந்தது 'டிசிப்ளின்'. பிரம்பெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. லத்தீனில் முதலில் இருந்தது கற்றல்தான். நகரத்தார் பர்மாவில் நடத்திய வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்களே, அந்தப் பழக்கத்துக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும். வெறும் சொல்லோடு நிறுத்தாமல், தினமும் விடாமல் செய்யும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: 'மெத்தாடிகல்', 'மெடிகுலஸ்' இரண்டும் ஒன்றா? (பள்ளத்தூர்)

பதில்: இல்லை. அன்றாடக் கணக்கெழுதும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு வரிசை தவறாமல் பதிபவர் மெத்தாடிகல். வரவு செலவைச் சரிபார்க்கும் ஐந்தொகையில் காலணா இடித்தாலும் விடிய விடிய விளக்கை எரிய விடுபவர் மெடிகுலஸ். இதன் லத்தீன் வேர் அச்சத்தைக் குறிப்பது. ஆங்கிலத்திலும் முதலில் 'பயந்தவர்' என்றே பொருள். முதலாளியை நினைத்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

கேள்வி: 'டீடோட்டலர்' என்றால் டீ மட்டும் குடிப்பவரா? (கோட்டையூர்)

பதில்: மதுவைத் தொடாதவர். காபி குடிக்கலாம்.

கேள்வி: சாப்பாட்டில் அளவோடு இருப்பவருக்கு என்ன சொல்? (கானாடுகாத்தான்)

பதில்: 'அப்ஸ்டீமியஸ்'. எழுதிப் பாருங்கள், ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வரிசை மாறாமல் வரும். கல்யாணப் பந்தியில் மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். நாலாவது வெள்ளைப் பணியாரத்துக்கு இலையைக் காட்டும்போது பக்கத்து இலைக்காரர் நினைவூட்டுவார்.