தினமும் மீன் தின்றும் பி12 ஏறவில்லையே?

குரோன் நோய், பெருங்குடல் புண் நோய் என நாள்பட்ட குடல் அழற்சி உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை இவை. குழந்தைகள் வார்டில் உணவு ஆலோசகராக இருக்கும் நான் பதில் சொல்கிறேன்.

பாம்பன்: அக்கா, மகனுக்குப் பத்து வயது, குரோன் நோய். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் மீன் இல்லாத நாளே இல்லை. பி12 குறைவு என்கிறார்களே?

மீன்மேல் குற்றமில்லை, தங்கச்சி. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகுதான் உடம்பில் ஏறும். குரோன் நோய் பெரும்பாலும் பிடிக்கிற இடமும் அதுவே. வள்ளம் நிறைய மீன் வந்தாலும் இறங்குதுறை இடிந்து கிடந்தால் எப்படிக் கரையேற்றுவது? அந்தப் பகுதியை நிறைய வெட்டி எடுத்திருந்தால் ஆயுளுக்கும் ஊசி தேவைப்படலாம். கை கால் மதமதப்பு, நாக்கு சிவந்து வழவழப்பாவது இரண்டையும் கவனியுங்கள்.

தொண்டி: இந்த வெயிலில் வாழும் பிள்ளைக்குமா வைட்டமின் டி குறையும்?

குறையும். நோயில் சுருண்ட பிள்ளை வெயிலில் எங்கே விளையாடுகிறது? ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்தே ஏறுபவை. கொழுப்பு செரிக்காமல் வெளியேறினால் அவையும் போய்விடும். ஸ்டீராய்டு வேறு கால்சியத்தைத் தடுக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. முள்ளோடு தின்கிற நெத்திலி கால்சியத்துக்கு நல்லது. ஆனால் 60,000 யூனிட் பொட்டலத்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கீழக்கரை: மகளுக்கு ஹீமோகுளோபின் 9. ஃபெரிட்டின் 60, சரியான அளவுதான் என்று லேபில் சொன்னார்கள். பிறகு எதற்கு இரும்புச் சத்து?

என்னிடம் அடிக்கடி வரும் குழப்பம் இது. ஃபெரிட்டின் இரும்புக் கையிருப்பைக் காட்டும். அழற்சி இருந்தாலோ தானாகவே உயரும். குடல் அமைதியாக இருக்கும்போது 30க்குக் கீழே போனால் குறைபாடு. அழற்சி இருக்கும்போது 100 வரை காட்டினாலும் உள்ளே இரும்பு காலியாக இருக்கலாம். அதனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழற்சி கடுமையாக இருந்தால் மாத்திரை சரியாக ஏறாது. அப்போது நரம்பு வழியாக ஏற்றுவார்கள். மாத்திரையோடு தேநீர் வேண்டாம்.

தங்கச்சிமடம்: குடல் அழற்சிக்குச் சல்பாசலசின் மருந்து எடுக்கும் பையனுக்கு ஃபோலிக் அமிலம் ஏன்?

ஃபோலிக் அமிலம் ஃபோலேட் என்ற வைட்டமினின் மருந்து வடிவம். சல்பாசலசின் உணவிலுள்ள ஃபோலேட் ஏறுவதைத் தடுக்கும். அதை ஈடுகட்டத்தான்.

ஏர்வாடி: பனங்கிழங்கு கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா?

குடல் சுருங்கிய இடம் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் கூடாது. நார் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். தை மாதத்தில் இதைச் சொல்ல எனக்கே மனம் வராது. சுருக்கம் இல்லை, நோயும் அடங்கியிருக்கிறது என்றால், நடு ஈர்க்கையும் நாரையும் உரித்துவிட்டு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள்.

மண்டபம்: பிள்ளைக்குச் சத்து ஏறவில்லை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

போன வருடச் சீருடை இந்த வருடமும் அளவாக இருக்கிறதா? அதில் சந்தோஷப்படாதீர்கள். நிலைக்கதவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் உயரத்தைக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். கோடு நகரவில்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.