பின்கதவு திறக்கவில்லை: மொத்த லாக்கையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடம் ஓடிய சின்ன கார். ஒரு மாதமாக இடது பக்கப் பின்கதவை உள்ளேயிருந்தும் திறக்க முடியவில்லை, வெளியேயிருந்தும் முடியவில்லை. ரிமோட்டை அழுத்தினால் மற்ற மூன்று கதவுகளும் 'டக்'கென்று விடுகின்றன. இந்தக் கதவில் மட்டும் 'கர்ர்' என்று சத்தம் வருகிறது. தர்மபுரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் லாக், கைப்பிடி எல்லாம் சேர்த்து மாற்ற 8,500 ரூபாய் ஆகும் என்றார்கள். 'மூணு கதவு இருக்குதே, அது கிடக்கட்டும்' என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: கிடக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா. சேலம் போக வேண்டுமென்றால் நீங்கள் தொப்பூர் கணவாயில்தான் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் லாரிகள் எப்படி வருகின்றன என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடது பின்சீட்டில் பெரும்பாலும் வயதானவரோ பிள்ளைகளோதான் உட்காருவார்கள். ஏதாவது ஆனால் அவர்கள் இறங்க வேண்டிய கதவு அது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். 'கர்ர்' என்று கேட்பது ஒரு வகையில் நல்ல செய்திதான். கரண்டு வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, அதனால் ஃபியூஸ் மீதும் வயர் மீதும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் கதவு செத்துக் கிடந்தால்தான் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் மடங்கி மடங்கி அறுந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் கதவில், மெக்கானிக்குகள் ஆக்சுவேட்டர் என்று சொல்லும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மோட்டார் சுற்றினாலும் லாக்கைத் தள்ளாது. லாக் விழுந்த நிலையிலேயே நின்றுவிட்டால் எந்தக் கைப்பிடியை இழுத்தாலும் பயனில்லை.

செலவு செய்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லாக் குமிழைக் கையால் தூக்கிப் பிடித்து உள்கைப்பிடியை இழுக்கட்டும். இன்னொருவர் வெளியே நின்று கதவை இடுப்பால் உள்பக்கம் நன்றாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை இழுக்கட்டும். ரிமோட்டையும் விட்டு விட்டு அழுத்துங்கள். கதவை உள்ளே அழுத்தும்போது கொக்கியின் மேலுள்ள இறுக்கம் தளரும், பல நேரம் ஒரே ஒரு தடவை திறந்துவிடும். இதைப் பட்டறை வாசலில் வைத்துச் செய்வது நல்லது. திறந்தால் மறுபடி சாத்தாமல் அப்படியே வேலையை ஆரம்பிக்கச் சொல்லலாம். மூடிய கதவில் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றுவது மெக்கானிக்குக்குப் பெரும் பாடு. சீட்டைத் தூக்க வேண்டி வரும், கிளிப்புகள் உடையும், கூலியும் ஏறும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் காரில் வலது முன்கதவு வெளியேயிருந்து திறக்கவில்லை, உள்ளேயிருந்து திறந்தது. நான் முதலில் போன இடத்தில் கைப்பிடியும் லாக்கும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. பென்னாகரம் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அந்தத் தம்பி டோர் பேடைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவுகூட இல்லாத வெள்ளை பிளாஸ்டிக் கிளிப், இரண்டாக உடைந்து கிடந்தது. கைப்பிடியையும் லாக்கையும் இணைக்கும் கம்பியைப் பிடித்திருந்தது அதுதான். அதை மட்டும் மாற்றினார். கதவு இன்றுவரை நன்றாகத் திறக்கிறது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: 'கழற்றிக் காட்டுங்கள், அப்புறம் விலை பேசலாம்' என்று கேளுங்கள்.

உங்கள் காரில் மோட்டாரும் லாக்கும் ஒரே பாகமாக வந்திருக்கலாம். பல கார்களில் அப்படித்தான், ஆகவே முழு லாக்கையும் மாற்றச் சொன்னதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடையாத கைப்பிடியை ஏன் மாற்ற வேண்டும்? ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஸ்பேர் கவுன்டரில் சரியான பாகத்தின் விலையைக் கேளுங்கள். இடது, வலது வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும், அதில் வரி அடக்கம். அதற்கு மேல் தனியாக வரி போட்டால் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18%. பழைய 28% கணக்கில் பில் போட்டாலும் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டினார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது கிழிந்திருந்தால் அடுத்த மழையில் காருக்குள் கால்மிதி நனைந்து கிடக்கும்.

கேள்வி: ஓசூர். ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்துபோனதிலிருந்து பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. வெளியேயிருந்து திறக்கிறது. லாக் போய்விட்டதா?

பதில்: இல்லை. கதவைத் திறந்து அதன் ஓரத்தில், லாக்குக்கு அருகில் பாருங்கள். குழந்தைப் படம் போட்ட சின்ன நெம்பு இருக்கும். அதுதான் பிள்ளைகள் உள்ளேயிருந்து திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக், யார் கையாவது பட்டிருக்கும். மாற்றி வையுங்கள். செலவே இல்லை.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரி ரோட்டில்தான் தினமும் போய் வருகிறேன். நாலு கதவும் இறுகிப்போயிருக்கின்றன. பழைய இன்ஜின் ஆயில் விடலாம் என்கிறார் டிரைவர்.

பதில்: வேண்டாம். ஆயிலும் கல்தூளும் சேர்ந்தால் சேறாகிவிடும், இப்போது இறுகுவது பிறகு மொத்தமாக நின்றுபோகும். முதலில் லாக்கில் டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்துப் பழைய அழுக்கைத் துணியால் துடைத்தெடுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், அது சீக்கிரம் காய்ந்துவிடும். துடைத்த இடத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். சாவித் துவாரத்துக்கு மட்டும் கிரீஸ் ஆகாது, கிராஃபைட் தூள் போதும். உங்கள் ரோட்டுக்கு ஒவ்வொரு சர்வீஸின்போதும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து எழுதுகிறேன். ஒரு பட்டறையில் கதவு லாக் மாற்றினேன். புது பார்ட் என்றார்கள். ஜிபேயில்தான் பணம் போட்டேன், பில் தரவில்லை. இரண்டே வாரத்தில் மறுபடி அதே கதவு. போனால் 'கேரண்டி எல்லாம் சொல்லவில்லையே' என்கிறார்கள்.

பதில்: கேரண்டி என்று வாயால் சொல்லவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. காசு வாங்கிச் செய்த வேலை இரண்டு வாரத்தில் பழுதானால் அதைச் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். பில் தராததும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல்தான். ஜிபே பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். கதவு திறக்காததை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன ஆனது, இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். கடிதம் போனதுமே கூப்பிட்டுச் செய்து கொடுப்பவர்களும் உண்டு.

அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதற்கிடையில் வேறு பட்டறையில் கதவைக் கழற்றினால், உள்ளே இருக்கும் லாக்கைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, கழற்றியதைக் கையோடு வாங்கி வையுங்கள். புதிது என்று சொல்லிப் பழையதைப் போட்டிருந்தால், அதன் தேய்மானமே உங்கள் பக்கம் சாட்சி.