வீட்டில் எழுதியதற்குப் பள்ளியில் தண்டனையா?

(அரசுப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.)

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பெண்கள் கழிப்பறையில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபடி இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில், "ஃபீஸ் கட்ட ஒரு நாள் லேட் ஆனா எங்களுக்கு ஃபைன். பாத்ரூம்ல பத்து நாளா தண்ணி இல்லைன்னா யாருக்கு ஃபைன்?" என்று எழுதிவிட்டாள். மறுநாள் எங்களைப் போனோடு வரச் சொன்னார்கள். போனைத் திறக்க வைத்து, தோழிகளோடு அவள் பேசிய மெசேஜ்களை எல்லாம் படித்தார்கள். பள்ளியைப் பற்றி வெளியே எழுதக் கூடாது என்று டைரியில் விதி இருக்கிறதாம், நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம். ஒரு வாரம் சஸ்பெண்ட். பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்காவிட்டால் டி.சி., அதோடு 66ஏ பிரிவில் போலீஸ் புகார் என்கிறார் தாளாளர். என்ன செய்வது?
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த போலீஸ் மிரட்டலை ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வழி செய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இப்போது கிடையாது. ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் சில ஊர்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், இனி யார் மீதும் அப்படிப் போடக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. தாளாளர் மறுபடி 66ஏ என்றால், இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யார் திட்டினார், யார் போனைப் பிடுங்கினார், எல்லாம் இருக்கிறது. அந்தக் கழிப்பறைக்குள் யாராவது போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார்களா என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஏன் உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். 1998-இல் நான் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையின் பின்பக்கம், "தொட்டித் தண்ணியில் புழு. டீச்சருங்க குடிக்கிறது வீட்டுத் தண்ணி" என்று சாக்பீஸில் எழுதியிருந்தான். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். பிரேயரில் நானூறு பிள்ளைகள் முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தேன். சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான். அது நூலோடு கையில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் வாட்ச்மேனை ஏணி பிடிக்கச் சொல்லி மாடித் தொட்டிக்கு ஏறினேன். சிமென்ட் மூடி பாதி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. தண்ணீரின் மேல் புறா இறகு மிதந்தது. ஓரத்தில் பாசி. டார்ச் அடித்தபோது நெளிந்தது என்ன என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் அந்த நானூறு பேரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியைக் கழுவி மூடி போட்டோம். பையனை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீ எழுதினது சரிதான்" என்றேன். தண்டித்தது நானூறு பேர் முன்னால். ஒப்புக்கொண்டது நாலு சுவருக்குள். அவன் அடுத்த வருஷம் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அதனால்தான், பிரேயரில் மன்னிப்பு என்பதற்கு உங்கள் மகள் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அவள் யாரையும் பெயர் சொல்லி இழிவுபடுத்தவில்லை, கெட்ட வார்த்தை எழுதவில்லை. எழுதியது உண்மை. எதற்கு மன்னிப்பு?

கெட்ட வார்த்தையே எழுதிய ஒரு பெண்ணின் வழக்கும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராண்டி லெவி என்ற 14 வயது மாணவி. 2017-இல், விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் பள்ளியின் மூத்த சியர்லீடிங் அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில், ஒரு சனிக்கிழமை கடை ஒன்றில் நின்றபடி, நடுவிரலைக் காட்டிப் படமெடுத்து, பள்ளியையும் அணியையும் அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டாள். ஒரு நாளில் தானே மறைந்துவிடும் பதிவு. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்ட, அவள் இருந்த ஜூனியர் அணியிலிருந்து ஒரு வருடம் நீக்கினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர் சொன்ன ஒரு காரணத்தை எல்லாத் தலைமை ஆசிரியர்களும் படிக்க வேண்டும். பிள்ளை பள்ளியில் பேசுவதையும் பள்ளி கட்டுப்படுத்தி, வீட்டில் பேசுவதையும் கட்டுப்படுத்தினால், 24 மணி நேரத்தில் அந்தப் பிள்ளை அதைச் சொல்ல இடமே இருக்காது. பள்ளிக்கு என்ன பாதிப்பு வந்தது என்றும் நீதிமன்றம் பார்த்தது. ஓர் அல்ஜீப்ரா வகுப்பில் ஓரிரு நாள், ஐந்து பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது, அவ்வளவுதான். இந்த அளவுகோல் 1969-இலேயே வந்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த 13 வயது மேரி பெத் டிங்கர் உள்ளிட்ட பிள்ளைகளின் வழக்கு அது. வகுப்பு நடப்பது உண்மையிலேயே குலைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்குப் பிடித்ததா என்று அல்ல. உங்கள் மகளின் ஸ்டோரியால் எந்த வகுப்பு நின்றது?

அது அமெரிக்கச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் உச்ச நீதிமன்றம் 1986-இலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் நம்பிக்கையால் பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, அதை வைத்து அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமையைச் சுருக்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. கல்வித் துறையின் சுற்றறிக்கைக்கே அந்த நிலை என்றால், டைரியின் பின்பக்க விதியைக் கேட்க வேண்டுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அமெரிக்க வழக்குகள் அரசுப் பள்ளிகளைப் பற்றியவை. தனியார் பள்ளி மீது அடிப்படை உரிமையை வைத்து வழக்கு நடத்துவது சிரமம், வருஷக்கணக்கில் இழுக்கும். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டப் பாதுகாப்பும் பிளஸ் ஒன்னுக்கு இல்லை. எனவே கோர்ட்டுக்கு முன்னால் காகிதத்தில் வேலையை ஆரம்பியுங்கள். சஸ்பெண்ட் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாயால் மிரட்டுபவர்கள் எழுத்தில் தரத் தயங்குவார்கள். கழிப்பறை நிலையை விவரித்து, தேதி போட்டு ஒரு மனு கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். உங்கள் மகள் மனம் உடைந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம். அப்புறம், இன்னொரு முறை யார் கேட்டாலும் போனின் பூட்டைத் திறக்க விடாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாடு இது. தோழிகளின் ரகசியங்களும் அதில்தானே இருந்தன? அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளின் நிறத்தைக் கேலி செய்து, அவள் படத்தோடு வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே நடப்பதில் நாங்கள் தலையிட முடியாது என்கிறார் வகுப்பு ஆசிரியர். சரியா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. பிரையர் தீர்ப்பே இதைத் தனியாகப் பிரித்திருக்கிறது. ஒரு பிள்ளையைக் குறிவைத்து நடக்கும் கடுமையான கேலி, ஆசிரியருக்கோ மாணவருக்கோ வரும் மிரட்டல் என்றால் பள்ளி வாசலுக்கு வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடலாம். நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது வேறு, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைத் தினம் அழ வைப்பது வேறு. உங்கள் மகள் நாளைக் காலை அதே வகுப்புக்குள்தான் நுழைய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்களை அழிக்காமல் வையுங்கள், தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் பள்ளிக்காகக் காத்திருக்காமல் அன்றே காவல் நிலையம் போங்கள். அந்தப் பிள்ளைகளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். அவர்களைப் பள்ளியை விட்டுத் துரத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். பெற்றோரோடு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் கெமிஸ்ட்ரி சாருக்குத் திக்குவாய். அதை வைத்து யாரோ செய்த மீமை நான் கிளாஸ் குரூப்பில் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன். மூன்று நாள் சஸ்பெண்ட். இது பேச்சுரிமை இல்லையா?
– பிளஸ் டூ மாணவன், ஈரோடு

பதில்: தம்பி, மூன்று நாள் பாடத்தை இழக்க வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. அந்தத் தண்டனையால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. ஆனால் சார் பாடம் நடத்தியது உனக்குப் புரியவில்லை என்றோ, பேப்பர் திருத்துவதில் பாரபட்சம் என்றோ நீ எழுதியிருந்தால் உன் பக்கம் நின்று நானே பள்ளிக்கு எழுதியிருப்பேன். அவர் தினமும் ஐந்து பீரியட் ஒவ்வொரு சொல்லாகப் போராடித்தான் உங்களுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறார். குரூப்பில் எத்தனை பேர் அந்த மீமைப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார். ஸ்டாஃப் ரூமில் தனியாகப் போய் சாரி சொல்லிவிட்டு வந்துவிடாதே. அதே குரூப்பில், அத்தனை பேரும் படிக்கிற மாதிரி, உன் பெயரில் எழுது.