வாசகர் கேள்வி – பதில்: கயிறும் முடிச்சும்

கேள்வி: சிறு வயதில் அப்பாவின் வலையூசியைக் கையில் எடுத்த நாள் முதல், புதிய முடிச்சு ஒன்றைக் கண்டால் அதைக் கற்றுக்கொள்ளும்வரை எனக்கு மனம் அடங்காது. இப்போது அறுபதைக் கடந்துவிட்டேன், கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு முழக் கயிறு இருக்கும். வேலையற்ற வேலை என்கிறார்கள் வீட்டில். இந்த ஆசைக்கு ஏதேனும் பொருள் உண்டா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உண்டு ஐயா. உங்களைப் போலவே பையில் கயிற்றோடு திரிகிறவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். அமெரிக்க ஓவியரான கிளிஃபோர்ட் ஆஷ்லி, மாலுமிகளிடமும் கைத்தொழில் செய்வோரிடமும் கேட்டுக் கேட்டுத் தம் வாழ்நாள் முழுவதும் முடிச்சுகளைச் சேகரித்து, 3,800க்கும் மேற்பட்டவற்றுக்கு எண்ணிட்டுப் படம் வரைந்து 1944இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் முடிச்சுப் பிரியர்கள் ஒரு முடிச்சை அவர் கொடுத்த எண்ணைச் சொல்லியே அடையாளம் காட்டிக்கொள்கிறார்கள்.

1978இல் லண்டனின் 'டைம்ஸ்' நாளிதழ், இரண்டு கயிறுகளை இணைக்கும் புதிய முடிச்சு ஒன்றை எட்வர்ட் ஹன்டர் என்னும் மருத்துவர் கண்டுபிடித்திருக்கிறார் என்ற செய்தியை முதல் பக்கத்திலேயே வெளியிட்டது. அதே முடிச்சை ஃபில் ஸ்மித் என்னும் அமெரிக்கர், மலையேறுவோருக்காக எழுதிய நூலில் 1950களிலேயே விளக்கியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. அந்தச் செய்தி கிளப்பிய ஆர்வத்தின் தொடர்ச்சியாகத்தான் 1982இல் முடிச்சு போடுவோருக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கம் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆஷ்லி தம் ஊர் மாலுமிகளுக்குச் செய்ததை நம் கரைக்கு யார் செய்யப்போகிறார்கள்? பனையேறி தளைநாரை முடியும் விதமும், சங்கு குளிப்பவரின் இடுப்புக் கயிற்றுக் கட்டும், பாய்மரக் காலத்து வத்தைப் படகுகளில் பாய் தாங்கும் குறுக்குக்கழியைக் கட்டிய முறையும் அந்தந்தக் கைகளிலேயே இருக்கின்றன. அந்தக் கைகள் ஓய்ந்தால் அவையும் போய்விடும். பாக் நீரிணைப் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றில் 20 கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் 20 பாசித் துண்டுகள். ஆக ஒரு மிதவைக்கு 400 கட்டுகள். துண்டு நழுவவும் கூடாது, தண்டு நசுங்கவும் கூடாது, 45 நாள் அலையில் ஆடிய பின்பு அறுவடையின்போது தொல்லையில்லாமல் விடுபடவும் வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றும் கட்டை அந்த அம்மாக்கள் பேசிக்கொண்டே போடுகிறார்கள். ஐயா, உங்களிடம் நேரம் இருக்கிறது, விரல் அறிவும் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு கட்டையும் வரைந்து, அதை யார் எதற்குப் போடுகிறார்கள், என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எப்படி அவிழ்க்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். அவிழ்க்கும் முறையைக் கட்டாயம் எழுதுங்கள். முடிச்சைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பாதி அதுதான்.

கேள்வி: நூல் வலையில் அப்பா போட்ட முடிச்சு ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தது. அதே முடிச்சைத் தங்கூசி (நைலான் நரம்பு) வலையில் நான் போட்டால் கண்ணி நகர்ந்துவிடுகிறது. தவறு என் கையிலா, நரம்பிலா?
– வேதாளை வாசகர்

பதில்: நரம்பில்தான். வலைமுடிச்சின் வேலையைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். மேல்கண்ணிக்குள் ஊசியைக் கொடுத்து இழுத்து, கண்ணியின் அடி அளவுக்கட்டையின் விளிம்பைத் தொட்டதும் இடது பெருவிரலால் அழுத்திக்கொள்கிறோம். நூலை இடப்பக்கமாக ஒரு வளையம் வீசி, ஊசியை மேல்கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாகச் செலுத்தி, வீசிய வளையத்தின் வழியாக வெளியே எடுத்து இறுக்குகிறோம். இறுகும்போது நூல் தன்னைத்தானே குறுக்கே மிதித்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி முழுவதும் உராய்வினால் வருவது. பருத்தி நூலின் மேற்பரப்பு சொரசொரப்பானது; நீர் பட்டால் நூல் உப்பி, முடிச்சு இன்னும் இறுகும். தங்கூசியோ வழவழப்பான ஒற்றை இழை. உப்பாது, வளைத்தால் நிமிரப் பார்க்கும். இரண்டு கால்களையும் ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை சுற்றி இரட்டை முடிச்சாகப் போடுங்கள். இறுக்கும் முன் முடிச்சை நீரில் நனைத்துக்கொண்டால் உரசல் சூட்டில் இழை கெடாது. இழுப்பதையும் வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுத்து முடியுங்கள்.

முடிச்சிட்ட வலையின் வயதைக் கேட்டால் வியப்பீர்கள். அன்று பின்லாந்தைச் சேர்ந்திருந்த அன்ட்ரேயா என்னும் ஊரில் 1913இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த மீன்வலை, வில்லோ மரப்பட்டை நாரால் ஆனது; ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது.

கேள்வி: என் பள்ளிக் காலணியின் கயிறு தினமும் அவிழ்கிறது. தோழிக்கு அவிழ்வதில்லை. இருவரும் ஒரே முடிச்சைத்தான் போடுகிறோம்.
– ஏர்வாடி மாணவி

பதில்: ஒரே முடிச்சு இல்லையம்மா, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு முடிச்சுகள். முதல் பாதியில் வலக்கயிறு இடக்கயிற்றின் மேலே போனால், இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது போலி முடிச்சு. முடிந்ததும் பார்: சுருக்கின் காதுகள் காலணிக்குக் குறுக்கே கிடந்தால் சரி, ஒரு காது விரல் பக்கமும் மற்றது குதிகால் பக்கமும் திரும்பினால் போலி. அப்படித் திரும்பினால் முதல் பாதியை மட்டும் மாற்றிப் போடு, போதும்.

காரணமும் கண்டறியப்பட்டிருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், அழுத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளில் முடிச்சிட்டும் கணித்தும் பார்த்தார்கள். சரியான முடிச்சை இழுக்கும்போது அதன் பகுதிகள் எதிரெதிராகத் திருகப் பார்த்து ஒன்றையொன்று தடுக்கின்றன. போலி முடிச்சில் ஒரே திசையில் திருகுவதால் முடிச்சு உருண்டு நழுவுகிறது.

இதோடு ஓர் எச்சரிக்கை. இந்தச் சரியான முடிச்சைக்கூட ஆள் தொங்கும் கயிறு, படகை இழுக்கும் கயிறு ஆகியவற்றை இணைக்கப் பயன்படுத்தக் கூடாது. ஒரு முனையைப் பக்கவாட்டில் இழுத்தாலே அது நிமிர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மற்ற எல்லா முடிச்சுகளும் சேர்ந்து வாங்கிய உயிர்களைவிட இது வாங்கியவை அதிகமாக இருக்கக்கூடும் என்று ஆஷ்லியே எழுதியிருக்கிறார். பொட்டலம் கட்டவும் காலணி கட்டவும் மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

கேள்வி: வாடைக்காற்றில் படகைக் கட்டும்போது, முடிச்சு போடும் முன் கம்பத்தை இரண்டு சுற்று சுற்று என்பார் மாமா. முடிச்சு நன்றாக இருந்தால் சுற்று எதற்கு?
– பாம்பன் வாசகர்

பதில்: உங்கள் மாமா சொல்வதைக் கேளுங்கள். பாரத்தைத் தாங்குவது சுற்றுதான். முடிச்சு அந்தச் சுற்றை அவிழாமல் காக்கிறது. கயிற்றுக்கும் கம்பத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச்சுற்றில் உங்கள் கைப்பிடி ஏறத்தாழ ஆறரை மடங்கு இழுவையைத் தாங்கும். இரண்டாம் சுற்றில் அது கூடுவதில்லை, பெருகுகிறது: சுமார் 43 மடங்காகிவிடும். கம்பத்தின் பருமனுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதனால்தான் ஒரு பையன் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு, பெரிய படகைக்கூட மெதுவாகத் தளர்த்தி விட முடிகிறது. இரண்டு சுற்று சுற்றி, படகிலிருந்து வரும் தாய்க்கயிற்றின் மேல் இரண்டு அரைமுடிச்சு போடுங்கள். கயிறு விறைத்து நிற்கும்போதும் அதை அவிழ்க்க முடியும் என்பது இதன் பெரிய நன்மை.

கேள்வி: ஒன்பது வயதுப் பேரன் முடிச்சு கற்றுக்கொடு என்கிறான். எதில் தொடங்குவது?
– தொண்டி வாசகி

பதில்: முதலில் கயிற்றைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள் அம்மா. விரல் பருமனுக்குச் சற்றுக் குறைந்த, மென்மையான, வெவ்வேறு நிறமுள்ள இரண்டு கயிறுகளை ஒரு கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நிறம் வேறாக இருந்தால் எது எதன்மேல் போகிறது என்பது குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும். எட்டு வடிவ முடிச்சு, உருவாஞ்சுருக்கு, 'போலைன்' எனப்படும் இறுகாத வளையம், இரண்டு சுற்றும் இரண்டு அரைமுடிச்சும், வலைமுடிச்சு என்ற வரிசையில் போங்கள். உருவாஞ்சுருக்கைக் கற்பிக்கும் நாளிலேயே, எந்த வளையத்தையும் கழுத்தில் மாட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எதிரே உட்காராமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்; எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலம் அவனுக்கு இடமாகிவிடும். ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் அவிழ்க்கவும் வந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.