மாமியாருக்குத் தனி சீட் விழுந்துவிட்டது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரி. நான், கணவர், 70 வயது மாமியார் மூவரும் பெங்களூரிலிருந்து வாரணாசிக்கு விமானத்தில் போகிறோம். மாமியார் வருவது கடைசியில் முடிவானதால் அவருக்குத் தனியாக டிக்கெட் போட்டோம். எங்களுக்கு 18-டி, 18-இ. அவருக்கு 24-பி. முதல் விமானப் பயணம், பயப்படுகிறார். பக்கத்தில் இருப்பவரை இடம் மாறச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் வெளியாளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லையே! அவருக்குத் துணை ஒருவர் போதும். உங்கள் கணவர் 24-பிக்குப் போகட்டும், அத்தை 18-டியில் உட்காரட்டும். அது நடைபாதை ஓரம், கழிவறைக்கு எழுந்து போகவும் வசதி. மாறியதை விமானப் பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முன்பதிவு செய்த சாப்பாடு சீட் எண்ணைப் பார்த்துத்தான் வரும்.

இல்லை, கணவரும் கிட்டத்தில் இருந்தால்தான் நிம்மதி என்கிறீர்களா? அப்படியானால் யாரைக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரி விமானங்களில் பெரும்பாலும் வரிசைக்கு ஆறு சீட். ஏ, எஃப் ஜன்னல். சி, டி நடைபாதை ஓரம். பி, இ நடு. உங்கள் கையில் மிஞ்சியிருப்பது 24-பி, அதாவது யாருக்கும் பிடிக்காத நடு சீட். அதைக் காட்டி 18-எஃப்காரரின் ஜன்னலைக் கேட்டால் அவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். கூடுதல் பணம் கட்டி எடுத்த இடமாகக்கூட இருக்கும். 17-இ அல்லது 19-இயில் இருப்பவரைக் கேளுங்கள். நடுவுக்கு நடு, அவருக்கு நஷ்டம் இல்லை. கணவர் உங்களுக்கு நேர் முன்னாலோ பின்னாலோ வந்துவிடுவார்.

கேட்கிற விதமும் முக்கியம். அடுத்தவர் சீட்டில் முதலில் உட்கார்ந்துகொண்டு, அவர் வந்து நின்ற பிறகு கேட்காதீர்கள். துண்டு போட்டு இடம் பிடிப்பதெல்லாம் பஸ் ஸ்டாண்டோடு இருக்கட்டும். அவர் வந்து பையை மேலே வைத்ததும், “சார், அம்மாவுக்கு முதல் தடவை. என் சீட் 24-பி, இதே மாதிரி நடு சீட்தான். மாத்திக்க முடியுமா? முடியலன்னா பரவாயில்ல” என்று போர்டிங் பாஸைக் காட்டிக் கேட்டால் போதும். நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெலுங்கு, கன்னடம் வரும். இந்தி வராதென்றால் பணிப்பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள். சீட்காரர் மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். “வயசானவங்கன்னு ஒரு இரக்கம் வேண்டாமா” என்ற முணுமுணுப்பும் வேண்டாம்.

அவசர வழி வரிசையில் மட்டும் மாறக் கேட்காதீர்கள். அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். சேலம் காமலாபுரத்திலிருந்து கிளம்பும் சிறிய ஏடிஆர் விமானத்தில் ஏறும் தர்மபுரிக்காரர்களுக்கு நடு சீட் தொல்லை கிடையாது, வரிசைக்கு நான்குதான். ஆனால் சின்ன விமானத்தில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கணக்கு. பணிக்குழுவைக் கேட்காமல் மாறாதீர்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஒன்று. ஒரே பிஎன்ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது 12 வயது வரையுள்ள குழந்தைக்கு இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-ல் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இதைச் சக பயணியிடம் கெஞ்ச வேண்டாம், கவுண்டரில் கேளுங்கள்.

நீங்களும் முதலில் கவுண்டரில்தான் முயற்சி செய்ய வேண்டும். இரண்டு பிஎன்ஆரையும் காட்டி, சேர்த்து உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்குச் சீக்கிரம் போக வேண்டும். ஓசூர் தாண்டி, பெங்களூரைக் குறுக்கே கடந்து, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி சேர்வது சாதாரண வேலை இல்லை. உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அத்தைக்கு நடப்பது சிரமமென்றால் சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லி வையுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட் இன்னும் போடவில்லையென்றால், மூன்று பேரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள்.