அவருடைய புள்ளி என் லைசென்ஸிலா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். என் கணவரின் லைசென்ஸில் ஏற்கெனவே 9 தண்டப் புள்ளி. போன கிழமை பொலிஸிடமிருந்து இன்னொரு கடிதம். 30 மைல் வீதியில் 38இல் போனதாகக் கமரா பிடித்திருக்கிறது. கார் என் பெயரில் இருப்பதால் கடிதமும் எனக்குத்தான். "உன்ரை லைசென்ஸ் சுத்தம்தானே, நீ ஓட்டினதாகப் போட்டுவிடு. மூன்று புள்ளிதானே" என்கிறார். மாமியைக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்தப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

"மூன்று புள்ளிதானே" என்று போன ஒரு வீட்டுக் கதை இந்த நாட்டில் பிரபலம். 2003இல் அரசியல்வாதி கிறிஸ் ஹூன் வேகமாக ஓட்டிப் பிடிபட்டார். புள்ளியை மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். கலியாணம் முறிந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. ஹூன் அமைச்சர் பதவியை விட்டார். 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய லைசென்ஸாவது மிஞ்சியதா? அதே 2003இல், ஓட்டும்போது போன் பாவித்ததற்காக அதுவும் போனது!

கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மூடவும் வேண்டாம். ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் சொல்லாவிட்டால், உங்களுக்கே 6 புள்ளி, 1,000 பவுண்ட் வரை அபராதம். அவர் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த கடிதம் அவருக்கு வரும்.

அதற்குள் அவர் தன் புள்ளிகளின் தேதிகளைப் பார்க்கட்டும். லைசென்ஸ் வழங்கும் டி.வி.எல்.ஏ. இணையதளத்தில் லைசென்ஸ் எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், போஸ்ட்கோட் கொடுத்தால் எல்லாம் தெரியும். வேகப் புள்ளி லைசென்ஸில் நாலு வருடம் நிற்கும். ஆனால் 12 புள்ளி சேர்ந்தால் ஓட்டத் தடை என்ற கணக்குக்கு மூன்று வருடம்தான். அதுவும் குற்றம் நடந்த நாளிலிருந்து குற்றம் நடந்த நாள் வரை. பழைய மூன்று புள்ளி அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் புதியதோடு சேர்த்தாலும் 9தான். பலர் இந்தக் கணக்கைப் பார்க்காமலே பயந்து போகிறார்கள்.

இன்னொன்று, 30 மைல் வீதியில் 38 என்பது வழக்கமாக வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பும் அளவுதான். கடந்த மூன்று வருடத்துக்குள் அவர் அதற்குப் போயிருக்காவிட்டால் பொலிஸ் அந்த வாய்ப்பைக் கொடுக்கக்கூடும். போய் வந்தால் புள்ளி இல்லை.

இரண்டும் சரிவராமல் 12 ஆனால், மஜிஸ்திரேட் கோர்ட். குறைந்தது ஆறு மாதத் தடை. அங்கே தடை வேண்டாம் என்று கேட்கும்போதுதான் மாமியின் விஷயம் வரும். வேலை போய்விடும் என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது. அவரை நம்பியிருக்கும் மற்றவர் படும் கஷ்டத்தைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம், டயாலிசிஸ் நேர அட்டவணை எல்லாம் கையில் இருக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "மனைவிக்கும் லைசென்ஸ் இருக்கிறதே, அவர் கூட்டிப் போகலாமே?" உங்கள் வேலை நேரத்துக்கும் ஆதாரம் வேண்டும். கோர்ட்டுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

போன கிழமை வந்த கடிதம் என்கிறீர்கள். அந்த 28 நாளில் ஒரு கிழமை ஏற்கெனவே போய்விட்டது.